சுஹைராவின் துவாய்

கிண்ணியாவில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் கலீலுர் றஹ்மானின் மனைவி சுஹைராவுக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். பஸ்ஸில் கொண்டக்டரே அவளுக்கு வழிவிட்டு நிற்பான். அவள் குரல் தணிந்து போகிற இடம் ஒன்றே ஒன்று: துறைமுகத்தடி ஆராய்ச்சிக்கூடத்தின் முயல் அறை. முயல்களுக்குத் தீனி போட்டுக் கூடு கழுவுவது அவள் வேலை.

டொக்டர் ரிஷிகேசன் அங்கே தீக்காயத்துக்கு மருந்து தேடினார். அதற்கு முதலில் முயலின் முதுகைச் சுட வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. வெந்த கைகளோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவர். ஆனாலும் ஊசியும் சூட்டுக்கோலும் வைத்த தட்டோடு அவர் வந்தால், சுஹைரா கூடுகளுக்கு மேல் துவாய்த் துணிகளை இழுத்து மூடிவிடுவாள். அறுக்கிற ஆட்டுக்குக் கத்தியைக் காட்டக் கூடாது, ஒன்றை அறுப்பதை மற்றது பார்க்கக் கூடாது. புருஷனின் கடையில் இந்த ஒழுங்கு ஒருநாளும் தவறியதில்லை. அங்கே பழகிய கை இங்கே மட்டும் சும்மா இருக்குமா?

இந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து சேர்ந்தது. மிருகங்களை நோகடிக்கிற ஆராய்ச்சிக்கு இனி அரசாங்கக் காசு இல்லையாம். நோகுதா இல்லையா என்று நேரில் பார்த்து முடிவு சொல்வார்களாம்.

"சுஹைரா அக்கா, கேட்டால் நோகாது எண்டு சொல்லுங்கோ. காசு நிண்டால் உங்கட வேலையும் போயிரும்" என்றார் டொக்டர்.

சுஹைராவின் வீட்டில் பாதிக் கூரை இன்னும் ஒழுகுகிற தகரம். மாற்றுவதற்கு அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தாள்.

"ஓம் டொக்டர், நான் சொல்றன்."

குழுவின் தலைவி சுலோஜனா கூடுகளைக் குனிந்து பார்த்தார். "இதுகளுக்கு நோகுதா?"

"சீச்சீ, இல்ல மிஸ். எறும்பு கடிச்ச மாதிரித்தான். அதுகள் இஞ்ச ராசா மாதிரி இருக்குதுகள்."

அடேயப்பா, என்ன பொய்! சொன்ன வேகத்தில் அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சுலோஜனாவும் தலையாட்டினார்.

அப்போது உதவியாளர் முனீப், குழுவுக்குக் காட்டுவதற்காகத் தட்டை உள்ளே கொண்டுவந்தார். சுஹைராவின் கை அவளைக் கேட்காமலேயே துவாய்களை இழுத்துக் கூடுகளை மூடிவிட்டது.

"ஏன் மூடுறீங்கள்?"

"பாவம் மிஸ், தட்டக் கண்டா நடுங்குதுகள்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டொக்டர் கூரை முகட்டைப் பார்த்தார்.

காசு நின்றது. வேலையும் போனது. இன்னும் சூடு படாத ஆறு முயல்களை யாராவது கொண்டுபோகலாம் என்றார்கள். சுஹைரா ஆறையும் தானே கேட்டு வாங்கினாள். ஆட்டோவில் கூடுகளை ஏற்ற டொக்டரே கைகொடுத்தார்.

"கோவமில்லை அக்கா. இனி வேற வழியாலதான் மருந்து தேடோணும்."

'மடச்சி, மடச்சி' என்று கிண்ணியாப் பாலம் நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள் சுஹைரா. கூரையை நினைக்க அழுகையும் வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோ கடை வாசலில் நின்றது. இறைச்சி வாங்க நின்றவர்கள், "என்ன கலீல், புதுச் சரக்கோ?" என்று பகிடி விட்டார்கள். கலீலுர் றஹ்மான் கத்தியும் கையுமாக வெளியே வந்தார். முயல்களைப் பார்த்தார். பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். கத்தி பிடித்த கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

"துவாய இழுத்து விடு புள்ள" என்றார். "கடையத் தாண்டுற மட்டும்."