சாமித்தட்டில் வைத்த குண்டு அச்சு

எனக்குத் துளியும் பிடிக்காத ஒரு பொருளை, அது வீட்டுக்கு வந்த அன்றே என் கையாலேயே எதற்காகச் சாமித்தட்டில் வைத்தேன்? இரண்டு வாரமாக என்னையே கேட்கிறேன்.

பொருள் என்னவென்றால், ரிவோல்வர் குண்டு வார்க்கிற அச்சு. உருக்கிய ஈயத்தை அதன் குழிக்குள் ஊற்றி, ஆறியதும் பிரித்தால் குண்டு விழும். என் கணவர் ஹனோவரில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினர். சனிக்கிழமைகளில் போய்க் குறி அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். கடைக் குண்டு திறமில்லை, சொந்தமாக வார்த்தால்தான் குறி சரியாக விழும் என்று கழகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அட்டை இதுவரை எந்த முறைப்பாடும் செய்ததில்லை.

பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்கப் போனபோது, "எதெண்டாலும் பரவாயில்லை, கெதியா எடும்" என்றவர் இவர். அச்சுத் தெரிவுக்கு மூன்று கிழமை எடுத்தார். துணைக்கு அதே கழகத்தில் சுடுகிற ஒரு அண்ணை. இருவரும் என் சாப்பாட்டு மேசையில் விலைப்பட்டியலை விரித்தார்கள். என் ஜெர்மன் வகுப்பில் படித்த ஜெர்மன் என்பதால் வாசிக்கும் வேலை எனக்கு.

"தங்கச்சி, இதில என்ன போட்டிருக்கு, வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். அலுமினிய அச்சு பாரமில்லாதது, கெதியில் சூடாகும். இரும்பு அச்சு கறள் பிடிக்கும், ஆனால் நெடுங்காலம் உழைக்கும்.

"இரும்பெண்டால் பேரப்பிள்ளையும் பாவிக்கும்" என்றார் அண்ணை.

"முதல்ல பிள்ளைக்குப் பல்லு முளைக்கட்டும் அண்ணை."

கணவர் இதெல்லாம் காதில் விழாத மாதிரி, "ரெண்டு குழி காணுமோ, ஆறு குழி எடுப்பமோ?" என்றார். பிறகு குண்டின் மூக்கு உருண்டையா தட்டையா என்று அரை மணிநேரம். தட்டை மூக்குத்தான் அட்டையில் வடிவாக வட்டமாக வெட்டுமாம்.

"வட்டமா வெட்டத்தான் வேணுமெண்டால் குசினியில போத்தல் மூடி கிடக்கு" என்றேன்.

"உமக்கு இதுகள் விளங்காது."

இவருடைய அப்பா இந்த நாட்டில் கொடுத்த அகதி விண்ணப்பத்தில், வீட்டுச் சுவரைத் துளைத்த சன்னங்களைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. மகன் மூக்கின் வடிவம் பேசுகிறார். உண்மைதான், எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் பட்டியலில் இருந்த எதையும் வாங்கவில்லை. கழகத்தில் ஒரு ஜெர்மன் கிழவர் பல வருடம் பாவித்த இரண்டு குழி இரும்பு அச்சு ஒன்றைக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை இவர் அதைப் பழந்துணியில் சுற்றி, ஏதோ கோயிலிலிருந்து விக்கிரகம் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமித்தட்டுக்குப் போகும். கடவுச்சீட்டு, கார்ச் சாவி, என் மொழிப் பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் அங்கே இருந்துவிட்டு வந்தவைதான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் சாமியிட்ட இருக்கட்டும்" என்று நீட்டினார். மனதுக்குள் திட்டிக்கொண்டே வாங்கினேன். திருநீற்றுத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தேன். சந்தனமும் வைத்தேன். இத்தனைக்கும் நான் ஊரில் இரசாயனவியலில் பட்டம் வாங்கினவள்.

மகளுக்குப் பத்து மாதம். தினமும் காலையில் குளிக்க வார்த்த பிறகு நெற்றியில் திருநீறு பூசி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பேன். செவ்வாய் வைத்தேன். புதன், வியாழன் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை விரலை எடுத்தபோதுதான் வெள்ளைத் திருநீற்றுக்குள் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. அச்சைத் தூக்கிப் பார்த்தேன். அதன் மூட்டிலும் இடுக்கிலும் பழைய ஈயத்தூள். சாய்த்து வைத்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது.

"இஞ்சாருங்கோ, இது ஈயம். நான் இதைத்தான் பிள்ளைக்குத் தீத்தியிருக்கிறன்."

அவர் எட்டிப் பார்த்தார். "ஒரு துளிதானே. அண்ணை எவ்வளவு காலமா வார்க்கிறார், அவருக்கு என்ன நடந்தது?"

"அண்ணைக்குப் பத்து மாசமில்லை."

அவர் திருநீற்றைக் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி, அச்சை அண்ணையின் கராஜில் கொண்டுபோய் வைத்தார். பாடம் படித்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் கைபேசியில் அலுமினிய அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிது என்றால் தூள் இருக்காதாம்.

மகள் சிரிக்கிறாள், தவழ்கிறாள், சாப்பிடுகிறாள். ஒரு நேரம் குறைவாகச் சாப்பிட்டாலும் மிஞ்சியதைக் கரண்டிக் கணக்கில் எண்ணுகிறேன். அன்றைக்கே பிள்ளை வைத்தியரிடம் ஓடியிருக்க வேண்டும். ஒரு கிழமை கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, பிறகுதான் அழைத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமைக்கு டெர்மின் தந்திருக்கிறார்கள். இரத்தம் எடுத்து ஈயம் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் எப்படி வாய்க்குள் போனது என்று கேட்பார்களே.

"பிள்ளை அச்சைத் தொட்டவள் எண்டு மட்டும் சொல்லும்" என்கிறார் கணவர். "சாம்பல் தீத்தினது எண்டு சொன்னால் சிறுவர் நல அலுவலகத்தால வீட்டுக்கு ஆள் அனுப்புவினம். என்ர ஆயுத அட்டையும் போயிடும், பிறகு துவக்கு வைச்சிருக்க ஏலாது."

அட்டை போனால் போகட்டும். வீட்டுக்கு ஆள் வருவதுதான் எனக்கும் பயம். மூன்று நாள் தொடர்ந்து விழுங்கியதை ஒருமுறை தொட்டது என்று சொன்னால், வைத்தியர் பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டுவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம். திருநீறு என்றால் என்ன, அதை ஏன் நாக்கில் வைக்கிறோம் என்பதை வைத்தியர் தரும் ஐந்து நிமிடத்துக்குள், அவர் முகம் மாறாமல் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது.

இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கிற அக்காமார் யாராவது இப்படி ஒன்றை வைத்தியரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எந்தச் சொற்களில் தொடங்கினீர்கள்? சொன்ன பிறகு என்ன நடந்தது? செவ்வாய்க்கு முன் எனக்கு எழுதுங்கள்.