உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்

எனக்கு மயஸ்தீனியா என்ற நோய் இருக்கிறது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகும் நோய் அது. காலையில் நன்றாக இருப்பேன். மதியத்துக்கு மேல் இமை சரியும். சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். பர்மாவில், லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. கண்ணை நம்பிப் பிழைக்கிற வேலை என்பதால் அங்கே யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும்.

அவரை விட்டால், நான் முகம்கூடப் பார்த்திராத சிலருக்குத் தெரியும். இந்த நோய்க்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் இருந்தது. வெள்ளைப் பக்கத்தில் வெறும் எழுத்து, படம்கூடக் கிடையாது. அதில் ஒரு மூலையில் தமிழில் எழுதுகிறவர்கள் கூடியிருந்தோம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று ஊர்கள்தான் தெரியும். பெயர்கள் எல்லாம் புனைபெயர்கள். இங்கே இன்சீன் கோயிலில் நடந்த தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த என் தமிழ் அங்கே எழுதி எழுதித்தான் திருந்தியது.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டவர் பினாங்கில் இருந்த ஓர் அக்கா. அவரும் நோயாளிதான். ஒருமுறை நெஞ்சுச் சளிக்குப் பக்கத்து கிளினிக்கில் வாங்கிய மாத்திரையின் பெயரை அங்கே எழுதினேன். சட்டென்று பதில் வந்தது: “வாயில போடாதீங்க. உங்க நோய் என்னன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” நான் சொல்லியிருக்கவில்லை. திரும்பப் போய்ச் சொன்னேன். டாக்டர் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை வந்தீங்க” என்று வேறு மருந்து கொடுத்தார். எங்களுக்கு ஆகாத மருந்துகளைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பலர் எழுதிச் சேர்த்த பேச்சு அந்தத் தளத்தில் இருந்தது. சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

அக்கா ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர். யாரும் யாருக்கும் போன் நம்பர் கொடுக்கக் கூடாது. “இங்க பேசுறது இங்கயே இருக்கட்டும்” என்பார். என்னைப் போல மறைத்து வாழ்கிறவர்களுக்காகத்தான் அந்த விதி.

பிறகு ஒரு கம்பெனி தளத்தை வாங்கியது. “உங்கள் புதிய வீட்டுக்கு வாருங்கள்” என்று மின்னஞ்சல் வந்தது. பழைய முகவரிக்குப் போனால் ஓர் ஆப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னது. புனைபெயர் செல்லாது என்றது. சொந்தப் பெயர், படம், போன் நம்பர் எல்லாம் கேட்டது. இங்கே அரசாங்கத் தடை இருப்பதால் வி.பி.என். போட்டால்தான் பாதித் தளங்கள் திறக்கும், வி.பி.என். போட்டாலோ ஆப் என்னைச் சந்தேகப்பட்டு வெளியே தள்ளியது. பல நாள் முட்டி மோதி ஒரு மாலை உள்ளே போனேன். வழியில் வந்த கேள்விக்கெல்லாம் ‘சரி’, ‘சரி’ என்று அழுத்தியது நினைவிருக்கிறது.

உள்ளே எங்கள் மூலையைக் காணோம். எல்லா நோய்க்காரர்களும் எழுதுவது ஒரே ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே சத்து மாவு விளம்பரம் வந்தது. ஆகாத மருந்துகளைப் பற்றிய பேச்சைத் தேடினேன். ‘உங்கள் மருத்துவரை அணுகவும்’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அக்காவைத் தேடுவதற்குள் திரையில் வரிசையாகச் சில முகங்கள் வந்தன. மேலே ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்றிருந்தது. முதல் முகம் எங்கள் லைன் சூப்பர்வைசருடையது.

போனில் இருக்கும் நம்பர்களை எல்லாம் ஆப் எடுத்துக்கொண்டு, என் பெயரில் அவர்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறது என்று நினைத்தேன். அழைப்பில் நோயின் பெயரும் இருக்குமோ?

என் கணவர் போனை வாங்கிப் பார்த்தார். “போயிடுச்சா இல்லையான்னு இதுல தெரியலையே.”

“கணக்க அழிச்சிடுறேன்.”

“அழிச்சா உங்க அக்காவ எப்படிப் புடிப்ப?”

அழித்தேன். ‘நீங்கள் எழுதிய அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்படும்’ என்று ஒரு தடவை கேட்டது. அதற்கும் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் அந்த சூப்பர்வைசர் அம்மாவின் கண் என் மேலேயே இருந்தது. அவர் பர்மியர், என்னைவிட மூத்தவர். நாங்கள் மமா, அதாவது அக்கா என்று கூப்பிடுவோம். முன்பெல்லாம் என் மேசையைத் தாண்டிப் போகிறவர் இப்போது நின்றார். நான் தலை தூக்கினால் நகர்ந்துவிடுவார். கண்ணைச் சோதிக்கிறார் என்றே நினைத்தேன். இமை சரியும் நேரம் வந்தால் கழிவறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டு வருவேன். மாத்திரையை முன்கூட்டியே போட்டேன். அதனால் வயிறு முறுக்கியது. வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை இங்கே ஃபெரி என்போம். ஃபெரியில் அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

வார முடிவில் துணிக் கிடங்குக்கு வரச் சொன்னார். போனதும் கதவைச் சாத்தினார். நாங்கள் பேசியது பர்மியத்தில்.

“அந்த ஆப்புல உன் படத்தப் பாத்தேன்” என்றார்.

நான் துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யார்கிட்ட எல்லாம் சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லல, மமா. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.”

“அவர்கிட்ட எதுக்குச் சொன்ன?” குரல் உடைந்திருந்தது. “அவருக்கு எதுக்கு என்னப் பத்தி?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்களப் பத்தி நான் என்ன சொல்ல? எனக்கு இருக்கிற நோயத்தான் சொல்றேன்” என்றேன்.

அவர் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தனக்கு வலிப்பு நோய் இருப்பதாகச் சொன்னார். வலிப்புக்காரர்களுக்கு பர்மியத்தில் ஒரு சின்னத் தளம் இருந்திருக்கிறது. அதையும் அதே கம்பெனி வாங்கி அதே ஆப்பில் கொட்டியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததும் அவரும் நடுங்கிப்போயிருக்கிறார். என் மேசை அருகே வந்து வந்து நின்றது, நான் யாரிடமாவது சொல்லிவிட்டேனா என்று வேவு பார்க்கத்தான்.

“மெஷினுக்கு நடுவுல நடக்குற வேலை. தெரிஞ்சா ஒரு நாள் வெச்சிருக்க மாட்டாங்க” என்றார்.

“என்னையும்தான்.”

நான் கணக்கை அழித்துவிட்டதைச் சொன்னதும் தன் போனை என்னிடம் கொடுத்தார். சாப்பாட்டு நேரங்களில் கிடங்கில் உட்கார்ந்து பினாங்கு அக்காவைத் தேடினேன். எங்கள் மூலையில் எழுதியவை ஓடையில் துண்டு துண்டாகக் கிடந்தன. சிலவற்றை இயந்திரம் பர்மியமாக்கி, ஒன்றும் விளங்காதபடி செய்திருந்தது. அக்கா முன்பு கொடுத்த ஒரு பதிலை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முன்னாள் உறுப்பினர்’ என்றிருந்தது. அவரும் போய்விட்டார். எங்கே என்று கேட்க ஒரு நம்பர்கூட யாரிடமும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் நெஞ்சில் ஆபரேஷனுக்குப் போகிறேன் என்று கடைசியாக எழுதியிருந்தார். அது எப்படி முடிந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேடின நேரத்தில் மமாவின் ஆட்கள் எழுதியதையும் படித்தேன். வலிப்பு வந்தால் சாவியைக் கையில் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிய நேரம், பேக்கிங் மேசை அருகே மமா விழுந்தார். உடம்பு விறைத்துக் கால் உதைத்துக்கொண்டது. பெண்கள் கூட்டமாக ஓடிவந்தார்கள். ஒருத்தி கரண்டியோடு வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, மேசையைத் தள்ளச் சொன்னேன். சட்டைகளை உருவி மமாவின் தலைக்கு அடியில் திணித்தேன். உதைப்பு நின்றதும் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். என் கைகள் பாதியில் ஓய்ந்துவிட்டன. முழங்காலால் முட்டுக்கொடுத்தேன்.

மேனேஜர் வந்து, “என்ன இது?” என்று கேட்டார்.

“காலையிலருந்து சாப்பிடல சார். மயக்கம்” என்றேன்.

“மயக்கமா?”

“ஆமா சார். போன வாரமும் சாப்பிடாமதான் வந்தாங்க.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஃபெரியில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் தூண் ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையில் போன் இருப்பதைப் பார்த்தேன். படம் எடுத்திருந்தால் எல்லாம் முடிந்தது. நேரே அவளிடம் போனேன்.

“எடுத்தியா?”

“என்ன எடுத்தேனா? ஸயாவுக்குப் போன் போட்டேன்” என்றாள். ஸயா என்றால் டாக்டர். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இணைப்பு கிடைக்கவில்லை என்று திரையில் இருந்தது.

மமா இப்போதும் எங்கள் லைனில்தான் இருக்கிறார். கண் அதிகம் வேண்டிய வேலையைக் காலையிலேயே எனக்குக் கொடுத்துவிடுகிறார். மதியத்துக்கு மேல் பட்டன் எண்ணுகிறேன். அந்த ஆப்பை அவரும் அழித்துவிட்டார்.