லிட்டருக்கு முப்பது மில்லி

மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது ஷரஃபுதீனின் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது, தேவைப்படவும் இல்லை. இருபத்தேழு வருஷமாக, மற்ற மெக்கானிக்குகள் "பார்ட்ஸ் கிடைக்காது சார், காயலான் கடையில போட்டுடுங்க" என்று கைவிரித்த வண்டிகளெல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. பட்டாளத்தில் ஓடிய பிரிட்டிஷ் வண்டி, டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிள், ஊரிலேயே இன்னொன்று இல்லை என்று சொந்தக்காரர் சத்தியம் செய்த இத்தாலி வண்டி என்று பலதும் அங்கே பிரிந்து கிடந்து, பிறகு ஓடிப் போயிருக்கின்றன. கே.கே. நகர்க்காரர் ஒருவருக்காக இரண்டு ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களை ஒன்றாக்கி இரட்டை சிலிண்டராகச் செய்து கொடுத்தார் ஷரஃபுதீன். பதினான்கு மாதம் பிடித்தது. அது முதல் முறை உறுமிய காலையில் சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அதிகம் பேசாத மனிதர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு எந்த இடத்தில் என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒரு பேர். அந்தப் பேருக்குப் பின்னால்தான் அவர் இரண்டு வருஷம் ஒளிந்துகொண்டார்.

கஸ்தூரிரங்கன் என்று ஒருவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் அடுக்குமாடி வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஐம்பது வயதில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் ஜப்பானில் செய்த இருநூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றை, துருவும் எலிப்புழுக்கையுமாக விலைக்கு வாங்கி, ஷரஃபுதீனிடம் கொண்டுவந்து தள்ளினார். இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஒன்றரை வருஷம் சனிக்கிழமை தவறாமல் வந்து, ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் பேசிக்கொண்டது குறைவு. ஆனாலும் அவர் வராத சனிக்கிழமை ஷரஃபுதீனுக்கு என்னவோ மாதிரி இருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் உலர்ந்து, சூடேறி, சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனி டேங்கும், அதிலிருந்து அளவாக ஊட்டும் சின்னப் பம்ப்பும் இருந்தன. இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில் அந்தப் பம்ப்பின் சீல் போய்விட்டது. உலகம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஷரஃபுதீன் பம்ப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தார். இனிமேல் பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு முப்பது மில்லி எண்ணெயை டேங்கிலேயே கலந்துவிட்டால் போதும். பல வண்டிகளுக்குச் செய்திருக்கிறார். வார நடுவில் நடந்த வேலை, கஸ்தூரிரங்கன் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக இரண்டு லிட்டர் கலந்து ஊற்றி வைத்தார்.

கஸ்தூரிரங்கன் வண்டியை எடுக்க வந்தது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்ட சமயம். ஷரஃபுதீன் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கன் ஒரு உதை உதைத்தார். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இருவரும் நின்று கேட்டார்கள். "பாய், என்ன சொல்றதுன்னே தெரியலை!" என்று கஸ்தூரிரங்கன் அவர் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலே ஷரஃபுதீன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மசூதிக்கு ஓடினார்.

சாயங்காலம் நினைவு வந்தது. இரண்டு லிட்டர் இருக்கிறதே, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். சனிக்கிழமை காலையில் ஒரு தரம் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் வேறொரு வண்டியைப் பிரிக்கிற வேலை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் மனைவி சாருலதாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பினார். வழியில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார். பங்க்கில் நின்று, எண்ணெய் டேங்கின் அளவுக் கண்ணாடியையும் குனிந்து பார்த்திருக்கிறார். நிறைய இருந்தது. இருக்கத்தானே செய்யும், அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட எங்கேயும் போகவில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கஸ்தூரிரங்கனுக்குச் சிராய்ப்பு. சாருலதாவின் வலது முழங்கால் கைப்பிடிச் சுவரில் மோதி நொறுங்கியது.

செய்தி கேட்டதுமே ஷரஃபுதீனுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் அறைக்கு வெளியே கஸ்தூரிரங்கன் சட்டையில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை கூப்பிட்டிருந்தேளே பாய், அப்புறந்தான் பார்த்தேன். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். வண்டி எப்டி கீதுன்னு கேக்கத்தான்."

முதல் பொய் அது. இரண்டாவது, நான்கு நாள் கழித்து, வண்டி மினி லாரியில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது. ஷரஃபுதீன் சிலிண்டரைக் கழற்றி வைத்திருந்தார். பிஸ்டன் இரண்டும் பக்கவாட்டில் உரிந்து, அலுமினியம் இழுபட்டுக் கிடந்தது.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா பாய்? எண்ணெய் ஃபுல்லா இருந்துதே, நானே பார்த்தேன்" என்றார் கஸ்தூரிரங்கன்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஷரஃபுதீன் பிஸ்டனைத் துணியால் துடைத்துக்கொண்டே, ஒரு கேள்வி கேட்டார்.

"மேம்பாலத்துல கொஞ்சம் வேகமா போனீங்களா சார்?"

கஸ்தூரிரங்கன் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "போனேன். அவளும் சொன்னாள், மெதுவாப் போங்கோன்னு. நான்தான் கேட்கலை" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பழியை அவர் கையில் கொடுக்கக்கூடத் தேவைப்படவில்லை. கேள்வியை நீட்டியதும் அவராகவே வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. சாருலதாவின் கால் மடங்கவே இல்லை. அடையாறில் ஒரு கல்லூரியில் லைப்ரரியன் அவர். தினமும் ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தவர், கணவனையோ ஆட்டோவையோ எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த வண்டி இனி இந்த ஆத்துப் பக்கமே வரப்படாது என்று சொல்லிவிட்டார். விற்கவும் மனமில்லாமல் கஸ்தூரிரங்கன் அதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவைத்தார். ஷரஃபுதீன் அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார். மூடின பிறகும் அது அங்கேதான் இருந்தது. கடையைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஃபிர்தௌஸ் கேட்டாள், "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? ஒடம்பு சரியில்லியா?"

"அந்த மேடம் கால நெனச்சா..." என்று பாதியை மட்டும் சொன்னார்.

"அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அவள். அந்த ஆறுதல் அவரை இன்னும் குத்தியது.

பிறகுதான் அந்த மூன்று சக்கர வண்டியைச் செய்ய ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. முன்பாதிக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் ஃபோர்க், பின்பாதிக்கு ஆட்டோ இன்ஜின். ஆட்டோ இன்ஜினில் கிளட்சும் கியரும் இடது கையிலேயே இருக்கும், பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், ரிவர்ஸும் உண்டு. காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் வலது கை லீவருக்கு மாற்றினார். நீட்டிய கால் நீட்டியபடியே இருக்க வலது பக்கம் மெத்தை வைத்த ஒரு தாங்கு. இரண்டு தரம் சாருலதாவை நேரில் அளவெடுத்தார். ஆறு மாதம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அவரே அலைந்து, மாற்றுத்திறனாளி வண்டியாகப் பதிவு செய்து வாங்கினார். சாருலதா அதை ஓட்டிக்கொண்டு பார்க்கிங்கில் ஒரு சுற்று வந்தபோது, வாட்ச்மேன் கைதட்டினார். கஸ்தூரிரங்கன் அழுதார்.

இருவரும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல ஷரஃபுதீன் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். தப்பைச் சரிக்கட்டத்தான் செய்தார். ஆனால் அந்த வண்டி தப்பை மூடிவைக்கும் இன்னொரு தார்ப்பாயாகிவிட்டது. அதைவிட மோசம், அதன்மேல் புகழ் வேறு பூத்தது.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு குடியரசு தினத்தன்று அடுக்குமாடிச் சங்கத்தார் அவரைக் கூப்பிட்டார்கள். மறுக்க வழி தெரியாமல் போனார். கொடியேற்றியதும், மைக்கில் அவர் பேரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். செயலாளர் நல்ல மனிதர்களைப் பற்றிப் பேசினார். ஷரஃபுதீன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துக்கு வராம போகப்படாது" என்று சாருலதா மேலே அழைத்துப்போனார். கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்து, அவரே காப்பி கொண்டுவந்தார். கஸ்தூரிரங்கன் வாங்கிக் கொடுக்க எழுந்தார். "வேண்டாம், நானே குடுத்துக்கறேன்" என்று சாருலதா வெட்டினாற்போல் சொன்னார். பிறகு ஷரஃபுதீன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒங்க மேல எவ்வளவு மரியாதை தெரியுமா பாய்? யாரோ ஒருத்தர் நீங்க. எனக்காக ஆறு மாசம் ஒழைச்சேள். இவர் இருக்காரே, மெதுவாப் போங்கோன்னு கெஞ்சினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்."

கஸ்தூரிரங்கன் இந்தப் பேச்சைப் பல முறை கேட்டுப் பழகியவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமைகளில் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து சிரித்த மனிதர் அவர். குனிந்த அந்தத் தலையில், இரண்டே வருஷத்தில், கறுப்பு மயிர் அநேகமாக இல்லை. ஷரஃபுதீனால் அதைப் பார்க்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், சார் மேல தப்பில்ல. தப்பு என்னுது."

பம்ப்பைக் கழற்றியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை சொல்ல மறந்தது, சாயங்காலம் நினைவு வந்தும் தள்ளிப்போட்டது, எடுக்கப்படாத அந்தப் போன். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். ஆனால் எதையும் விடவில்லை.

கீழே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"வேகமாப் போனேளான்னு கேட்டேளே, அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சுண்டேதான் கேட்டேளா?"

"தெரிஞ்சேதான் கேட்டேன்."

கஸ்தூரிரங்கன் எழுந்தார். கை ஓங்குவார் என்று ஷரஃபுதீன் நினைத்தார். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவரோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய அந்தக் கதவையே சாருலதா பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கெளம்புங்கோ" என்றார், திரும்பாமல்.

அடுத்த வாரம் கஸ்தூரிரங்கன் மினி லாரியோடு வந்தார். தார்ப்பாயை அவரே உருவி எறிந்தார். உரிந்த பிஸ்டன்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபிர்தௌஸிடம் ஷரஃபுதீன் அன்றைக்குத்தான் முழுசையும் சொன்னார். அவள், "அந்த சார் மூஞ்சில எப்படிங்க முழிச்சுக்கினு இருந்தீங்க இவ்ளோ நாளு?" என்று கேட்டாள்.

ஊருக்குள் விஷயம் பரவியது. சிலர் வருவதை நிறுத்தினார்கள். அதை அவர் நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். ஏழெட்டு மாதம் கழித்து, லஸ் சிக்னலில் ஒரு நாள் அந்தப் பட்டுத்துணி சத்தம் கேட்டது. யாரோ வேறு மெக்கானிக் உயிர் கொடுத்திருக்கிறார். கஸ்தூரிரங்கன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டார். விளக்கு மாறியதும் போய்விட்டார்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் மூன்று சக்கர வண்டி சந்துக்குள் வந்தது. சாருலதா மட்டும் தனியாக. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமலே பேசினார்.

"பிரேக் பிடிக்க ரொம்ப இழுக்க வேண்டியிருக்கு. வேற எடத்துல காட்டினேன், இந்த மாதிரி வண்டி எங்களுக்குத் தெரியாதுங்கறா. அதனாலதான் வந்தேன். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்கோ."

"நெனைக்கல மேடம்."

ஷரஃபுதீன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். இன்னொரு ஸ்டூல் காலை நீட்டிக்கொள்ள. சாருலதா இறங்கி உட்கார்ந்தார்.

"அவர் இப்ப நன்னாத் தூங்கறார். ஒங்க மேல கோவமா இருக்கார். தன் மேல கோவமா இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு வருஷம் அந்த மனுஷனை நான் வார்த்தையாலயே கொன்னேன் பாய். மன்னிப்புக் கேட்டேன், சரி விடுங்கறார். எனக்குத்தான் விடலை. அதுக்கும் சேர்த்துத்தான் ஒங்க மேல கோவம் எனக்கு."

ஷரஃபுதீன் தலையாட்டினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன பண்றேள்? எனக்குச் சொல்லிண்டே பண்ணுங்கோ" என்றார் சாருலதா.

வேலை செய்யும்போது பேசிப் பழக்கமில்லை அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது பிரேக் கேபிள் மேடம். உள்ள ரெண்டு நூலு அறுந்துகீது. முழுசா மாத்திடறேன். புதுசு மொதல்ல கொஞ்சம் நீளும், ஒரு வாரத்துல திரும்பி வந்து டைட் வெக்கணும். வராம வுட்டீங்கன்னா பிரேக் சரியா நிக்காது."

"அடுத்த வெள்ளிக்கிழமையா?"

"வியாழக்கிழமை வாங்க மேடம். வெள்ளிக்கிழமை வேணாம்."

அவர் பழைய கேபிளை உருவி வெளியே எடுத்து, அறுந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினார். சாருலதா முன்னால் சாய்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.