அண்ணன் மொட்டையோடு வந்த நாள்

காலேஜில் சேர்ந்த அன்று என் தலையில் ஒரு முடிகூட இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிப் பட்டணத்துக் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டால் என் முடியைக் காணிக்கையாகத் தருவதாக அம்மா தணிகை மலை முருகனிடம் சொல்லிவைத்திருந்தாள். இடம் கிடைத்தது. ரயில் ஏற இரண்டு நாள் இருக்கும்போது என்னைக் குளக்கரையில் உட்காரவைத்து வழித்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. திருத்தணியில் பிறந்தவனுக்கு மொட்டை ஒரு செய்தியே அல்ல. கிருத்திகைக்குக் கிருத்திகை ஊர் முழுக்க மொட்டையும் சந்தனமுமாகத்தான் இருக்கும். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மொட்டை என்றால் வேண்டுதல், அவ்வளவுதான்.

பட்டணத்தில் அப்படி இல்லை. ஹாஸ்டல் அறையில் எனக்கு முன்பே வந்திருந்த தஞ்சாவூர்க்காரன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். குரலைத் தாழ்த்தி, "அப்பாவா, அம்மாவா?" என்றான். அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாளே ஹாஸ்டல் முழுக்க எனக்கு 'மொட்டை' என்று பேராகிவிட்டது. முடி வளர்ந்து, எண்ணெய் தடவி வகிடு எடுத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

அந்த வருஷம் நான் சிரித்த சிரிப்பு அநேகமாக அது ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் கணக்கும் தமிழில் படித்தவன் நான். இங்கே எல்லாம் இங்கிலீஷ். தர்க்கசாஸ்திர வாத்தியார் ஒரு மணி நேரம் பேசுவார். என் நோட்டில் நான்கு சொற்கள் இருக்கும், அதில் இரண்டு தப்பு. வாயைத் திறந்தால் என் தமிழுக்கும் மரியாதை இல்லை. 'வந்துகினு' என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஒரு வாரம் அவதிப்பட்டேன். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் மோர் வேண்டும் என்றுகூடக் கேட்காமல் எழுந்து வரப் பழகிக்கொண்டேன். நான் ரோஷக்காரன். அழுவதற்குப் பதில் கோபித்துக்கொள்வேன். அந்த வருஷம் முழுக்கக் கோபமாகவே இருந்தேன்.

அரைப் பரீட்சையில் மூன்று பாடத்தில் போய்விட்டது. ஆண்டுப் பரீட்சையிலும் இதே கதியானால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான், இரண்டாம் வருஷம் கிடையாது என்று பிரின்சிபால் நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்குப் போனபோது வீட்டில் சொன்னேன். வீடு என்றால் அம்மாவும் அண்ணனும்தான். எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, செல்லப் பிள்ளையும் நைனா. எங்கள் நைனா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். மலையடிவாரத்தில் அவர் வைத்திருந்த தேங்காய் பழக் கடையை அண்ணன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நடத்திவந்தான். நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"அம்மா, இந்த வாட்டி என் தலைய உட்டுடு. அங்க என்னை இன்னும் மொட்டைன்னு தான் கூப்புடறானுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி நைனா, உன் தல வேணாம். வேற தல பாத்துக்கறேன். நீ பாஸ் பண்ணிகினு வா, அது போதும்."

பங்குனியில் ஆண்டுப் பரீட்சை. முதல் நாள் தர்க்கசாஸ்திரம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் வந்து, உன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றான். போய்ப் பார்த்தால், ஹாஸ்டல் வாசல் வேப்பமரத்தடியில் அண்ணன். பளபளவென்று மொட்டை. மீசையும் இல்லை. யுத்த காலம்; ரயிலில் நிற்கவே இடம் கிடைக்காது. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தவன் முகம் கறுத்துப்போயிருந்தது.

வேற தல பாத்துக்கறேன் என்று அம்மா சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. கூடவே, மாடித் தாழ்வாரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து பேரும் கண்ணில் பட்டார்கள். 'மொட்டைக்கு அண்ணன் மொட்டை' என்று ஒருவன் சொல்வது காதில் விழுந்தது.

"எனக்காக வேண்டுதலா?" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கடைசியில், "ஆங்" என்றான்.

"வேண்டினா வேண்டிக்க, இப்படியேவா வந்து நிப்ப? தலையில துண்டு கட்டிகினு வரக் கூடாதா? பத்து மாசமா நான் இங்க படற பாடு உனக்குத் தெரியாதா?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டான். காது மறையும்படி நன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டான்.

அறைக்கு வரச் சொன்னேன், வேண்டாம் என்றான். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றான். பட்டணத்துப் பையன்களைப் பார்த்துக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். பிரசாதம் எங்கே என்று கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றான். எதையும் மறக்கிற ஆள் இல்லை அவன். ஆனால் என் மனசெல்லாம் மறுநாள் பரீட்சையில் இருந்தது.

"பரிட்ச எத்தன நாளு?"

"பத்து நாளு."

"முடிஞ்ச மறுநாளே வந்துடு நைனா. அங்க இங்க நிக்காத." கொஞ்சம் தயங்கினான். "நல்லா எழுது" என்றான். கிளம்பிவிட்டான். வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தான். நான் அதற்குள் உள்ளே நடந்துகொண்டிருந்தேன்.

அறையில் தஞ்சாவூர்க்காரன் மெதுவாக, "உங்கள் வீட்டில் யாருக்காவது..." என்று ஆரம்பித்தான். எனக்குச் சுரீர் என்றது. "எங்க ஊர்ல மொட்டைன்னா வேண்டுதல். எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பரீட்சையை நன்றாகவே எழுதினேன். எனக்காக இரண்டு பேர் ஊரில் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியம் இருந்தது. முடிந்த மறுநாள் அரக்கோணத்தில் வண்டி மாறி மத்தியானம் திருத்தணியில் இறங்கினேன். அம்மா கையால் சாப்பிடப்போகிற நினைப்பில் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். அண்ணன் வந்திருந்தான். தலையில் முடி முள்ளாகத் துளிர்த்திருந்தது. என் டிரங்குப் பெட்டியை வாங்கினான், ஆனால் நடக்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னான்.

"பாஸ் பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன்."

"அம்மா பூட்ச்சி நைனா" என்றான்.

மூன்று நாள் காய்ச்சலாம். அவன் பட்டணம் வருவதற்கு முந்தின வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். தம்பிக்குத் தந்தி கொடுக்காதே, பரீட்சை கெட்டுவிடும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். எங்களில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது வழக்கம். நான் வைக்க வேண்டிய கொள்ளியை அவன் வைத்திருக்கிறான். நான் வழித்துக்கொள்ள வேண்டிய தலையை அவன் வழித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தலையைத்தான் நான் துண்டைப் போட்டு மூடச் சொன்னேன்.

"அன்னிக்கு ஏன் வந்த? வந்தவன் ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு தான் வந்தேன். அம்மா வேணாம்னு சொல்லியும் எனக்கு மனசு கேக்கல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு முழிச்சிகினு இருந்தேன். நீயே வேண்டுதலான்னு கேட்ட. ஆங்னுட்டேன்."

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "உன்ன அப்படிப் பேசினேனே அண்ணா" என்றேன்.

"அட, அதான் நல்லதாப் பூட்ச்சி" என்றான் அண்ணன். "நீ மட்டும் அன்னிக்கு என்கிட்ட ஆசையா ரெண்டு வார்த்த பேசியிருந்தா, அங்கியே அழுதுட்டிருப்பேன்."