‘சாரலில் சரசம்’

என் வீட்டுக்காரர் தென்காசியில் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாகக் கொஞ்ச காலம் இருந்தார். ஐம்பதுகளின் பின்பாதி அது. கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஜவுளிக்கடை. கடையைச் சாத்திவிட்டு மீட்டிங்குக்குப் போவார். திரும்பி வந்து சாப்பிடும்போது சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய் என்று அங்கே பேசியதையெல்லாம் என்னிடம் சொல்லுவார். ஊர்க் காரியத்தை மனைவியிடம் சொல்லுகிற ஆண்பிள்ளைகள் அப்போது குறைவு. எனக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் குழந்தை இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ஒருமுறை தங்கி, கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமியாரின் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க இலத்தூரில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவார். மாமியார் சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். அதுதான் எனக்குப் பயம்.

ஆகையால் மறுபடி தங்கியபோது வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் தாண்டட்டும், அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவரின் வீடு ஐந்தருவி போகிற வழியில் சும்மா கிடந்தது. கொஞ்ச நாள் அங்கே இருந்தால் இவள் உடம்பு தேறும் என்று மாமியாரிடம் சொல்லி, என்னையும் ஒரு சமையல்காரியையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்.

அங்கே வைத்துத்தான் அதுவும் போயிற்று. வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லக் கூடாது, அத்தைக்குத் தெரிந்தால் இலத்தூர்ப் பேச்சு நிஜமாகிவிடும் என்று கேட்டுக்கொண்டேன்.

“சொல்லலட்டி. என் வாயிலேருந்து வராது” என்றார்.

தென்காசியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை பார்த்த நர்ஸை அவர்தான் டாக்ஸி வைத்துக் கூட்டிவந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து சாயங்காலம் வருவார். வெந்நீர் வைத்து என் உடம்பைத் துடைத்துவிட்டு, ஊசி போட்டு, கஞ்சி குடிக்க வைத்துவிட்டுப் போவார். நான் எழுந்து நடக்கிறவரைக்கும் வந்தார். டாக்ஸியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் மழையில் நனையாமல் என் வீட்டுக்காரர் குடை பிடித்துக் கூட்டிவருவார். அதை எதிர்ப்புறம் யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள்.

அப்போது மதுரையிலிருந்து வாராவாரம் ஒரு மஞ்சள் பத்திரிகை வரும். பஸ் ஸ்டாண்டில் மற்றப் பத்திரிகைகளுக்கு அடியில் வைத்து விற்பார்கள். வாங்குகிறவர்கள் நாலாக மடித்து மடியில் செருகிக்கொள்வார்கள். படித்ததாக ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதில் வந்தது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். நாங்கள் தென்காசிக்குத் திரும்பிய கையோடு அதில் ‘சாரலில் சரசம்’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. பெயர் போடவில்லை. ‘துணிக்கடைத் தலைவர்’, ‘வெள்ளைச் சேலை நங்கை’ என்று போட்டு, ஒருவர் ஒரு பெண்ணுக்குக் குடை பிடிப்பது போலப் படமும் வரைந்திருந்தார்கள். ஊர்ப் பணத்தில் டாக்ஸி ஓடுகிறது என்றும் ஒரு வரி.

அவர் அதை என்னிடம் காட்டவில்லை. மாமியாரின் அக்காதான் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். “உம் புருஷன் லட்சணத்தப் பாரு” என்றார். நான் படித்தேன். அதில் ஒரு வார்த்தைகூட நடந்ததில்லை. ஆனால் டாக்ஸியும் வீடும் மழையும் குடையும் உண்மை. நான் படுத்திருந்த அறையை மட்டும் எடுத்துவிட்டு மீதியை எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. போர்டில் எதிர்க்கோஷ்டிக்காரர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் பக்கத்து மெம்பர்களிலும் சிலர் போட்டார்கள். சுவர்களில் கரியால் குடை வரைந்தார்கள். கடைக்குப் பெண்கள் வருவது நின்றது. அந்த நர்ஸம்மாவை ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலையை விட்டு நிறுத்தினார்கள். குற்றாலத்துக்கு எதற்குப் போனாய் என்று கேட்டதற்கு, நோயாளியைப் பார்க்கப் போனேன் என்று மட்டும் சொன்னாராம். நோயாளி யார் என்று கடைசிவரை சொல்லவில்லையாம்.

இது தெரிந்த அன்றே, “சொல்லிருவோமுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஒனக்குச் சம்மதம்னா சொல்லு. எனக்காகச் சொல்லாதே” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மாமியார் கூடத்தில் இருந்தார். அவரைத் தாண்டிப் போகக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்சியின் ஜில்லாத் தலைவர் திருநெல்வேலியிலிருந்து வந்தார். வயதானவர், நல்ல மனுஷர், எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தவர். சட்டசபைத் தேர்தலில் என் வீட்டுக்காரரை நிறுத்தலாம் என்று பேச்சு அடிபட்டதே அவரால்தான். கூடத்தில் உட்கார்ந்து காப்பியைத் தொடாமல் பேசினார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். மாமியார் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த அம்மா யார், அங்கே எதற்கு வந்தாள், இதற்கு ஒரு காரணம் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைவர் கேட்டார்.

“காரணம் இருக்கு அண்ணாச்சி. ஆனா அது நான் சொல்லக் கூடியது இல்ல” என்றார் இவர்.

“அப்பம் ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

எப்படி நான் வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. தலைவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, அந்தம்மா என்னயப் பாக்கத்தான் வந்தாக. எனக்கு உண்டாயிருந்து, போயிட்டு. யாருட்டயும் சொல்லாதீங்கன்னு நாந்தான் இவுகளக் கேட்டுக்கிட்டேன். அதான் சொல்லாம இருக்காக.”

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். உள்ளே கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் அவர் அப்படி ஒருநாளும் நின்றதில்லை.

பிறகு தலைவர் நிமிர்ந்து ஒரு யோசனை சொன்னார். மைதானத்தில் பொதுக்கூட்டம் போடுவோம், நடந்ததை நானே பேசுகிறேன், தங்கச்சியும் மேடையில் வந்து உட்கார்ந்தால் எதிர்க்கோஷ்டி ஊரைவிட்டே ஓடிவிடும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றார் இவர். “இவ வயித்துல பட்ட கஷ்டத்த மைக் வச்சா சொல்லணும்? பதவி போனாப் போட்டும். அந்த நர்ஸம்மாவுக்கு வேலையத் திருப்பி வாங்கிக் குடுங்க, போதும்.”

அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். தேர்தலுக்கு வேறொருவர் நின்றார்.

தலைவரை வழியனுப்ப இவர் தெருவுக்குப் போனதும் நான் அடுக்களைக்குள் போனேன். மாமியார் அடுப்பில் பாலை வைத்திருந்தார். டம்ளரில் ஆற்றி என் கையில் கொடுத்தார்.

“ஏட்டி, பச்ச உடம்போட வந்து எனக்கு மாவாட்டிக் குடுத்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?” என்றார்.

நான் இலத்தூர் என்று ஆரம்பித்தேன். “அவ கெடக்கா” என்று அக்காவைச் சொன்னார். “எனக்கும் ரெண்டு போயித்தான் இவன் பொறந்தான். உங்கிட்ட நானும்தான் சொல்லல” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பாலைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இலத்தூர்ப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

நர்ஸம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. தலைவர் சொல்லிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தார்கள். சுரண்டையில் ஒரு டாக்டரிடம் வேலை தேடிக்கொண்டு போனார். போவதற்கு முன்னால் நானும் மாமியாரும் அவர் வீட்டுக்குப் போனோம். என்னால்தானே உங்களுக்கு இந்தக் கதி, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ அழுதத நான் பாத்திருக்கேன்லா” என்றார். அவ்வளவுதான். பிறகு ரத்தம் ஊற என்ன சாப்பிட வேண்டும் என்று மாமியாரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருஷம் மறுபடி தங்கியது. தென்காசியில் எத்தனையோ வசதி இருந்தும், சுரண்டைக்குத்தான் போவேன் என்று நான் சொன்னேன். மாமியாரும் என்கூட பஸ் ஏறினார். யார் கேட்டாலும், குற்றாலத்தில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த அம்மாவிடம் போகிறோம் என்று சத்தமாகச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

வலி எடுத்த அன்று என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். கடையில் ஒருவர் இவரை உற்றுப் பார்த்து, நீங்கள் அந்தப் பேப்பரில் வந்தவர்தானே என்று கேட்டிருக்கிறார். ஆமாம், நான்தான் என்றிருக்கிறார் இவர். இங்கே என்ன விசேஷம் என்றதற்கு, “எம் பொண்டாட்டி உள்ள இருக்கா. பிள்ள பொறக்கப் போகுது” என்றாராம். கேட்டவர் கூச்சப்பட்டு, இவருக்கு இன்னொரு டீ சொன்னாராம். அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நர்ஸம்மா வாசலுக்கு வந்து, பெண் பிள்ளை என்று கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தவரும் கூடவே எழுந்து வந்துவிட்டாராம்.