விசா இல்லாமல் அமெரிக்காவுக்குப் பறந்த மச்சான்

போன கோடையில், ஒரு சனிக்கிழமை காலை, நயாகரா அருவிக்கு மேலே, ஆகாயத்தில் நடந்த கதை இது.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. கனடாவில், மார்க்கம் என்ற ஊரில், ஒரு வெயர்ஹவுஸில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். ஆனால் பிளேன் ஓட்டவேண்டும் என்று வெகுகாலமாக ஓர் ஆசை. வேலை முடிந்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஓட்டுவதில் எனக்குப் பயமில்லை. றேடியோவில் கதைப்பதுதான் பயம். என்னுடைய இங்கிலிஷ் கடையில் பால் வாங்கப் போதும், ஆகாயத்தில் கதைக்கப் போதுமோ என்று இப்போதும் சந்தேகம்தான்.

அந்த நேரம் என் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்றான். அவனுடைய மூத்த அக்கா நியூ ஜேர்சியில் இருக்கிறா. அவவைப் பார்க்கப் போக அமெரிக்க விசா கேட்டான், கொடுக்கவில்லை. பாவம், முகம் தொங்கிப் போய்த் திரிந்தான். சரி, இவனுக்கு மேலேயிருந்து நயாகராவைக் காட்டுவோம் என்று, நான் ஓட்டப் பழகிய விமானக் கிளப்பில் ஒரு பிளேனை வாடகைக்கு எடுத்தேன்.

அதைப் பார்த்ததும் அவன் சிரித்தான். "அத்தான், உது பறக்குமோ? எங்கட ஊர் ஓட்டோ உதைவிடப் பெரிசு."

"வாயை மூடிக்கொண்டு பெல்ற்றைப் போடடா" என்றா மனைவி, பின் சீற்றிலிருந்து.

நயாகரா இரண்டு நாடுகளின் எல்லையில் இருக்கிறது. சின்ன விமானங்கள் அதைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் குறித்த உயரத்தில், குறித்த வட்டத்துக்குள், எல்லோரும் வலப்பக்கமாக மட்டுந்தான் சுற்றவேண்டும். நான் இதைச் சொன்னதும் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "கோயில் வீதி சுத்துற மாதிரியெல்லோ!" என்று கையைக் கூப்பிவிட்டா.

முதல் சுற்றில் அருவியின் நீர்ப்புகாருக்குள் ஒரு வானவில் தெரிந்தது. நிலத்தில் நின்று பார்க்கும்போது அரைவட்டமாகத் தெரிவது, மேலேயிருந்து பார்க்க முழு வளையம்! மச்சானின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. திரும்புவோம் என்று நினைத்தேன். மனைவி விடவில்லை. "ஒண்டோட விடுறதே? மூண்டு சுத்துங்கோ."

மூன்றாவது சுற்றில்தான் பிழை நடந்தது. மேற்கேயிருந்து நல்ல காற்று. நானும் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எங்களை அமெரிக்கப் பக்கம் தள்ளத் தள்ள, என் வட்டம் அகன்றுகொண்டே போயிருக்கிறது. கீழே பார்த்தால் அருவியைக் காணவில்லை. நீளமான ஓடுபாதை ஒன்றும், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய இராணுவ விமானங்களும் நிற்கின்றன. அனுமதி கேட்காமல் நுழையவே கூடாத ஆகாயம் அது.

அவசரத்துக்கென்று திறந்து வைத்திருக்கும் இரண்டாவது றேடியோவில், கீழேயிருந்த கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. அருவிக்குக் கிழக்கே பறக்கும் சின்ன விமானம், நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று கேட்டது.

"அத்தான், இப்ப நாங்கள் எங்க நிக்கிறம்?"

"அமெரிக்காவில."

"ஐயோ, எனக்கு விசா இல்லையெல்லோ! இறக்கினால் என்னைப் பிடிப்பினம்!" என்று சீற்றுக்குள் சரிந்து தலையை ஒளித்தான்.

"கீழ நிக்கிறவைக்கு உன்ர தலை தெரியுமே? நிமிர்ந்து இரடா!" என்றா மனைவி.

லைசென்ஸ் போகுமோ, இவனை எங்கேயாவது மறித்து வைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். திசைகாட்டி பழுதென்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் அவ்வளவு பொய் சொல்ல என் இங்கிலிஷ் காணாது. உள்ளதையே சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னேன்: பெயர் இது, கனடாவிலிருந்து வருகிறோம், அருவியைப் பார்த்துக்கொண்டிருந்து வழி தவறிவிட்டேன், மன்னிக்கவேண்டும், என்ன செய்யட்டும்?

அதே குரல், கோபமில்லாமல் வந்தது. வலப்பக்கம் திரும்புங்கள், மேற்கே போங்கள், உயரத்தை மாற்றாதீர்கள், வெளியே போகும்வரை நான் உங்களோடு இருப்பேன் என்றது. என் பதற்றம் விளங்கியிருக்கவேண்டும், ஒவ்வொன்றையும் ஆறுதலாக இரண்டு தரம் சொன்னா. ஆற்றைத் தாண்டியதும் ஒரு போன் நம்பர் தந்து, இறங்கியவுடன் கோல் எடுக்கச் சொன்னா. கடைசியாக ஒரு கேள்வி கேட்டா: "அருவியாவது வடிவாக இருந்ததா?"

மச்சான் துள்ளி நிமிர்ந்தான். "விசா தராதவையின்ர நாட்டைச் சும்மா பார்த்திட்டன் அத்தான்!" சிரித்த சிரிப்பில் பிளேனே குலுங்கியது போலிருந்தது.

இறங்கியவுடன் அந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன். ஓர் ஆண் குரல் எல்லாவற்றையும் விசாரித்தது. ஆகாயத்தில் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். காற்றைப் பற்றியும் வரைபடத்தைப் பற்றியும் அந்த மனுஷன் எனக்கு நீளமாக ஒரு பாடம் நடத்தினார். பிறகு, "கேட்டவுடன் ஒத்துக்கொண்டீர்கள், சொன்னபடி செய்தீர்கள். அது போதும். இனிக் கவனம்" என்று வைத்துவிட்டார். லைசென்ஸ் என்னிடமே நின்றது. மனைவியும் மச்சானும் கிளப் வாசலில் வைத்தே என்னைக் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள்.

இன்றைக்கும் எங்கேயாவது வழி தவறினால் நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பதில்லை, தவறிவிட்டேன் என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். முகமே தெரியாத ஒருவர் எங்கேயோ இருந்து, வீடு போய்ச் சேரும்வரை கூடவே கதைத்துக்கொண்டு வருவார் என்ற நம்பிக்கை அன்றைக்கு எனக்கு வந்துவிட்டது.