கோயில் சுவரில் ஒரு போஸ்டர்

ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது வாசலிலேயே மைதாப் பசை வாடை அடித்தது. எங்கள் திண்டுக்கல் லுத்தரன் கோயில் சுவரில் தேர்தல் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

என் எட்டு வயதிலும் இப்படி ஒட்டினார்கள். கோயிலில் மணியடிக்கும் என் அப்பா, கொட்டாங்கச்சியால் கறக் கறக்கென்று அதைச் சுரண்டினார். நான் திகைத்துப் போனேன். அது அவர் உயிராக நினைத்த கட்சி.

“ஏம்ப்பா, நம்ம கட்சிதான?”

“ஓட்டு இவனுக்குத்தான் அப்பு போடுவேன். அதுக்காக ஆண்டவரோட செவத்தக் குடுக்க முடியுமா?”

இன்றைய போஸ்டரில் வேட்பாளருக்குப் பக்கத்தில் எங்கள் போதகர் கைகூப்பி நின்றார். கீழே, வாக்குக் கேட்பவர்கள் வரிசையில், சபைச் செயலாளர் என்று என் பெயர். என்னை யாரும் கேட்கவேயில்லை.

பசை இன்னும் காயவில்லை. முழுவதையும் கிழித்திருக்கலாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பெயரை மட்டும் நகத்தால் சுரண்டினேன்.